உரிமை மீறலும் அதற்குரிய காப்பும்
(தம்ம வகுப்புப் பாடம்)



பஞ்சசீலம் ஏற்ற நம்மவரிடையே இருவகை எண்ணம் உலவக் காண்கிறோம். ஒரு சாரார், “தம்மத்தை ஏற்றபின் வழக்கும் முறையீடும் நமக்கு எதற்கு? பொறுமையன்றோ பகவன் போதித்தது?” என்பர். மற்றொரு சாரார், “சாதியை விட்டு நீங்கிய நமக்கு, சாதியை முன்னிட்டு எழுதப்பெற்ற சட்டங்கள் காப்பளிக்குமா?” என ஐயுறுவர். முன்னையது தம்மத்தைப் பற்றிய மயக்கம். பின்னையது சட்டத்தைப் பற்றிய மயக்கம். இவ்விரண்டினாலும் விளைவது ஒன்றே: தீங்குற்றவன் வாய் திறவாதிருக்கிறான், தீங்கிழைத்தவன் துணிவு பெறுகிறான். ஆதலின் மனித உரிமை யாது, அதன் மீறல் எது, அதினின்று காத்துக்கொள்ளும் வழி யாது என்பவற்றை இப்பாடத்தில் முறையே ஆராய்வோம்.

1. உரிமை என்பது யாது?

1948-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் பாரிஸ் நகரில் கூடிய ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, 30 விதிகள் கொண்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் முதல் விதி, பிறப்பினால் எல்லாரும் சுதந்தரமும் சமமான மாண்பும் உடையவர் என்னும் கருத்தினது. அவ்விதியின் முதல் வரைவில் ஆண்மக்களை மட்டும் குறிக்கும் சொல்லே இருந்தது. அதனை மாற்றி, மனிதப் பிறவிகள் அனைவரையும் குறிக்கும் சொல்லை இடவேண்டுமென வாதாடி வென்றவர், இந்தியாவின் சார்பில் சென்ற ஹன்சா மேத்தா அம்மையார். ஒரு சொல்லால் மானிட குலத்தின் பாதி விடுபட்டுப் போகக்கூடும் என்பதை இதனால் அறிகிறோம்.

நம் நாட்டில் 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள அரசியலமைப்பு, அடிப்படை உரிமைகளை விதித்துள்ளது. 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், உயிர், சுதந்தரம், சமத்துவம், மாண்பு ஆகிய நான்கையும் பற்றியனவாய், அரசியலமைப்பினால் உறுதியளிக்கப்பட்ட அல்லது சர்வதேச உடன்படிக்கைகளில் அடங்கி நம் நீதிமன்றங்களால் நிறைவேற்றத்தக்க உரிமைகளே மனித உரிமைகள் என வரையறுக்கிறது. இந்நான்கு சொற்களையும் மாணவர் மனத்திற் பதித்துக்கொள்வாராக.

பகவன் புத்தர் வாசெட்ட சுத்தத்தில் இதன் அடிப்படையை விளக்கியருளினார். புல், மரம், புழு, பறவை, விலங்கு ஆகியவற்றில் இனத்துக்கு இனம் பிறப்பாலாகிய அடையாளம் உண்டு. மக்களிடத்தில் அத்தகைய அடையாளம் தலைமயிர் முதல் பாதம் வரையில் யாதொன்றும் இல்லை. தொழிலாலும் வழக்காலும் ஏற்பட்ட பெயர் வேறுபாடே உண்டு என்பது அதன் பொருள். உடற்கூற்றில் இல்லாத வேறுபாட்டை உரிமையில் காட்டுவதற்கு எவருக்கும் நியாயம் இல்லையன்றோ?

அன்றியும், அங்குத்தர நிகாயத்தில் ஐந்து சீலங்களும் ஐந்து பெருந்தானங்களாக உரைக்கப்பட்டுள்ளன. கொலையினின்று விலகியவன் எண்ணிறந்த உயிர்கட்கு அச்சமின்மையைத் தானம் செய்கிறான் என்பது கருத்து. இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குக. நான் கொல்லாதிருப்பது என் சீலம். அதனால் அயலான் பெறுவது உயிர்வாழும் உரிமை. நான் பிறர் பொருளைக் கவராதிருப்பது என் சீலம். அதனால் உழைப்பாளி பெறுவது தன் கூலிக்கும் நிலத்துக்கும் உரிய உரிமை. காமத்தில் நெறி பிறழாமை என் சீலம். அதனால் மாதர் பெறுவது உடலின் மாண்பு. பொய்யாமை என் சீலம். அதனால் பிறர் பெறுவது பொய் வழக்கினின்று விடுதலை. மதிமயக்கும் பொருளைத் தவிர்த்தல் என் சீலம். அதனால் மனைவி மக்கள் பெறுவது அடி உதையற்ற இல்லம். என்னிடத்தில் சீலமாக நிற்பதே அயலானிடத்தில் உரிமையாக நிற்கிறது.

2. பொறுமையும் முறையீடும்

முறையிடுதல் தம்மத்துக்கு மாறு என்பாருக்கு விநய பிடகமே விடை கூறும். பிக்குகள் உபோசத நாள்தோறும் ஓதும் பாதிமோக்கத்தின் இறுதியில், பிணக்குகளைத் தீர்க்கும் ஏழு முறைகள் உள்ளன. அவற்றுள் முதலாவது, சம்பந்தப்பட்டவர் நேரில் இருக்கவே விசாரித்துத் தீர்த்தல். வீட்டைத் துறந்து, பொருளைத் துறந்து, பொறுமையே அணிகலனாகக் கொண்ட சங்கத்துக்கே விசாரணை முறை வேண்டியிருந்ததெனின், இல்லறத்தில் உள்ள நமக்கு அது வேண்டாவோ?

பொறுமை என்பது பகையை நெஞ்சில் வளர்க்காமை. நடந்ததை நடக்கவில்லை என மறைத்தல் பொறுமை ஆகாது. அடித்தவனைத் திருப்பி அடியாதிருத்தல் பொறுமை; அடித்தான் என்பதை உரிய இடத்தில் உள்ளவாறு சொல்லுதல் வாய்மை. ஒன்றை ஏற்றதற்காக மற்றொன்றைக் கைவிடல் தகாது.

3. மீறல் எது? குற்றம் எது?

திருடன் ஒருவன் நம் வீட்டில் புகுந்து பொருளைக் கவர்ந்தால் அது குற்றம். அதனைப் பதிந்து விசாரிக்கவேண்டிய காவல் அதிகாரி, நம் குடியிருப்பின் பெயரைக் கேட்டதும் பதிய மறுத்தால், அது மனித உரிமை மீறல். காவலில் வைத்து அடிப்பதும், குறைந்த கூலிக்குக் கடன் காட்டிக் கட்டி வைத்தலும், கழிவுநீர்த் தொட்டியில் மனிதனை இறக்குதலும் குற்றமாவதோடு, அரசூழியர் செய்தாலோ தடுக்கத் தவறினாலோ மீறலும் ஆகும். தேசிய மனித உரிமை ஆணையம் விசாரிப்பதும், அரசூழியர் தாமே செய்த மீறலையும், அதற்கு உடந்தையாக இருந்ததையும், அதைத் தடுப்பதில் காட்டிய அசட்டையையும் ஆகும். ஆதலின் மீறல் நிகழ்ந்தவிடத்து, “யார் செய்தார்?” என்னும் வினாவோடு, “யார் தடுத்திருக்க வேண்டும்?” என்னும் வினாவையும் எழுப்புதல் வேண்டும்.

நம்மவரைக் குறித்து நிகழும் மீறல்களிற் பலவற்றை 1989-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பெயர் கூறிக் குறித்துள்ளது. 1990 ஜனவரி 30 முதல் நடப்பிலுள்ள இச்சட்டம் 2015-இல் விரிவாகத் திருத்தப்பட்டது. பொதுவழி, நீர்நிலை, சுடுகாடு ஆகியவற்றைத் தடுத்தல். பொதுவிடத்தில் செருப்பணிதல், மிதிவண்டி ஓட்டுதல், திருமண ஊர்வலம் செல்லுதல் முதலியவற்றைத் தடுத்தல். சமூக விலக்கோ பொருளாதார விலக்கோ விதித்தல், விதிப்பதாக அச்சுறுத்தல் ஆகிய அனைத்தும் குற்றங்கள். நாம் உயர்வாகப் போற்றும் சிலை, படம் முதலியவற்றைச் சேதப்படுத்துதலும், நாம் மதிக்கும் மறைந்த பெரியாரை இழித்துரைத்தலும் அவ்வாறே. பாபாசாகேப் சிலைக்கு இழைக்கப்படும் அவமதிப்பு ‘ஊர்ச் சச்சரவு’ அன்று. சட்டம் குறித்த வன்கொடுமை என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

4. மகாடு குளம் புகட்டும் பாடம்

உரிமை ஏட்டிலிருந்து நடைமுறைக்கு வருதல் எங்ஙனம் என்பதற்குச் சிறந்த உதாரணம், கொங்கண நாட்டு மகாடு நகரிலுள்ள சவுதார் குளம். பொதுப்பணத்தில் பேணப்படும் நீர்நிலைகளைத் தீண்டப்படாதார் பயன்படுத்தலாம் என 1923-இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்தது. 1924-இல் மகாடு நகராட்சியும் அக்குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் செய்தது. ஆயினும் நம்மவர் எவரும் அந்நீரைத் தொடத் துணியவில்லை. 1927 மார்ச் 20-ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் முன்னடக்க, பெருந்திரளானோர் சென்று அந்நீரைப் பருகினர். அதன்பின் அவர்கள் தாக்கப்பட்டனர்; குளத்திற்குத் ‘தீட்டுக் கழிப்பு’ நடத்தப்பட்டது; நகராட்சியும் தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது.

எதிர்த்தரப்பார், அது தமக்கே உரிய குளம் என்றும், பிறரை விலக்குதல் தொன்றுதொட்ட வழக்கமென்றும் கூறி நீதிமன்றம் சென்றனர். அம்பேத்கர் வழக்கை எதிர்கொண்டு நடத்தினார். இடைக்காலத் தடை வந்தபோது, தடையை மீறிக் குளத்தில் இறங்கவேண்டுமென்று கூடியிருந்தோர் விரும்பினும், அவர்களை அமைதிப்படுத்தி வழக்கின் வழியே சென்றார். பத்தாண்டு கழிந்து, 1937 மார்ச்சில், அத்தகைய தொன்மையான வழக்கம் நிறுவப்படவில்லை எனப் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதனின்று நாம் அறியத்தக்கவை மூன்று. தீர்மானம் மட்டும் உரிமையைத் தாராது. அதனை எடுத்துப் பயன்படுத்துவோர் வேண்டும். எடுத்துப் பயன்படுத்துவோர் தாக்கப்படின், அத்தாக்குதலுக்கு எதிர்த்தாக்குதல் செய்யாத ஒழுங்கு வேண்டும். வழக்கு நெடிதாயின், அதனைத் தாங்கி நிற்கும் பொறுமை வேண்டும். பொறுமைக்கு உண்மையான இடம் இதுவே. இன்று, அரசியலமைப்பின் 15-ஆம் விதியில் கிணறு, குளம், படித்துறை, சாலை என்னும் சொற்கள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருப்பதைப் படிக்கும்தோறும் மகாடு நம் நினைவுக்கு வரவேண்டும். தீண்டாமையை ஒழித்த 17-ஆம் விதியையும், உரிமை மீறப்பட்டவர் நேரே உச்ச நீதிமன்றம் செல்ல வழிகாட்டும் 32-ஆம் விதியையும் அதனோடு சேர்த்துப் படித்தல் நன்று.

5. தம்மம் ஏற்றவருக்குச் சட்டக் காப்பு உண்டா?

உண்டு. இதன் வரலாற்றை ஒவ்வொருவரும் அறிதல் அவசியம். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்துக்கள் அல்லாதாரைப் பொதுவாகப் பட்டியலினின்று விலக்கியிருந்தது. 1956-இல் சீக்கியர் அனைவரும் சேர்க்கப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் தம்மம் ஏற்றனர். ஆனால் பௌத்தர் சேர்க்கப்படவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகட்கு மேலாக, தம்மத்தை வெளிப்படையாக ஏற்றவர் மத்திய அரசின் சலுகைகளை இழக்க நேர்ந்தது. பலர் உள்ளத்தில் பௌத்தராகவும் ஏட்டில் இந்துவாகவும் வாழ்ந்தமைக்கு இது பெருங்காரணம். 1990-இல் பாராளுமன்றம் அவ்வாணையைத் திருத்திப் பௌத்தரையும் சேர்த்தது. ஆதலின் பட்டியலிற் குறித்த சாதியிற் பிறந்து தம்மம் ஏற்றவர், இன்று பட்டியல் வகுப்பினரே. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவரைக் காக்கும்.

இங்கே ஓர் இக்கட்டு எழுகிறது. சாதியை மறுத்தவர், சான்றிதழிற் சாதிப் பெயரை எழுதுவதா? சிலர் மனம் ஒப்பாது, ‘பௌத்தர்’ என்று மட்டும் எழுதுவித்துக்கொள்கின்றனர். அவர்தம் உறுதி போற்றத்தக்கது. ஆயினும் பட்டியலிலே ‘பௌத்தர்’ என ஒரு சாதி இல்லை. ஆதலின் அச்சான்றிதழைக் கொண்டு வன்கொடுமைச் சட்டத்தின் காப்பைப் பெறுதல் அரிது. இதனை இவ்வாறு கொள்ளலாம்: மருத்துவர் எழுதும் காயக் குறிப்பு, காயத்தைப் பெருமையாகக் கூறுவதன்று, காயம் உண்டு என்பதற்குச் சான்று. சாதிச் சான்றிதழும் சமூகம் நமக்கிழைத்த காயத்தின் குறிப்பே. அது நம் பிறப்பின் தகுதியைக் கூறுவதன்று. மதம் ‘பௌத்தம்’ என்றும், பட்டியலிற் கண்டவாறு சாதிப்பெயரும் எழுதப்பெற்ற சான்றிதழைப் பெற்று வைத்துக்கொள்வதால் சீலத்துக்குக் குறைவு இல்லை. அதனை எழுதுவிக்க மனமொப்பாதவர்க்கும், தீண்டாமையைத் தண்டிக்கும் 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் காப்பாக உள்ளது. ஆனால் தீண்டாமையே காரணம் என நீதிமன்றம் தானே அனுமானிக்கும் வசதி, பட்டியல் வகுப்பினர் என நிறுவியவர்க்கே உரியது.

தமிழகத்தினின்று பம்பாய், பெங்களூர், கோலார் தங்கவயல் முதலிய இடங்களிற் குடியேறியவர்க்கு மற்றோர் ஐயம் உண்டு. சாதிப்பட்டியல் மாநிலந்தோறும் வேறு. கல்வி, உத்தியோக ஒதுக்கீடு பூர்வீக மாநிலத்தைப் பற்றியதாகவே நீதிமன்றங்கள் கொண்டுள்ளன. ஆயினும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பு அவ்வாறு மாநில எல்லையில் நின்றுவிடாது என 2023-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. பிழைப்பைத் தேடி எல்லை கடந்தவன் தன் மாண்பை எல்லையில் விட்டு வருவதில்லை என்பதை நீதிமன்றமும் ஏற்றது எனலாம்.

6. கைர்லாஞ்சியில் நேர்ந்தது

2006 செப்டம்பர் 29-ஆம் நாள், மகாராஷ்டிர மாநிலம் பண்டாரா மாவட்டத்துக் கைர்லாஞ்சி என்னும் சிற்றூரில், தம்மம் ஏற்ற குடும்பம் ஒன்றில் தாயும் மகளும் இரு மகன்களும் ஊர்க்கூட்டத்தாற் கொல்லப்பட்டனர். தந்தை ஒருவரே எஞ்சினார். அத்தாயும் மகளும் ஒரு தாக்குதல் வழக்கில் சாட்சியம் அளித்திருந்தனர். 2008-இல் விசாரணை நீதிமன்றம் அறுவருக்கு மரண தண்டனையும் இருவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2010-இல் உயர்நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு, அம்மரண தண்டனைகளை இருபத்தைந்தாண்டுச் சிறையாக மாற்றியது. கொலை நிறுவப்பட்டது, ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம் நிறுவப்பட்டதாக இரு நீதிமன்றங்களும் கொள்ளவில்லை.

நால்வர் மாண்ட பின்னும் சாதிக்கொடுமை என்னும் சொல் தீர்ப்பில் இடம்பெறவில்லை. இதனால் நாம் கற்கவேண்டியது: முதல் நாளில் எழுதப்படாதது இறுதி நாளில் ஏறுவது அரிது. பேசப்பட்ட வசைச்சொல், அதனைக் கேட்டவர், நிகழ்ந்த இடம், முன்னர் விடுத்த மிரட்டல் ஆகியவை தொடக்கத்திலேயே எழுத்தில் அமையவேண்டும். இழிசொற் குற்றத்துக்கு அச்சொல் பொதுமக்கள் பார்வைபடும் இடத்திற் பேசப்பட்டிருத்தல் வேண்டும் என்பதால், இடத்தைக் குறிப்பது மிகவும் இன்றியமையாதது. சாட்சிகளின் காப்புக்கென, 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் 15அ என்னும் புதிய பிரிவைச் சேர்த்துள்ளது. தீங்குற்றவரும் சாட்சிகளும் மிரட்டலினின்று காக்கப்படவும், விசாரணை நிலையை அறியவும், பிணை முதலிய நடவடிக்கைகளில் தம் கருத்தைக் கூறவும் அப்பிரிவு உரிமை தருகிறது. மிரட்டல் வந்த அன்றே இவ்வுரிமையைக் கோருதல் வேண்டும்.

7. காப்புக்குரிய படிகள்

முதலாவது, காயமுற்றவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, காயம் நேர்ந்த விதத்தைப் பதிவுசெய்யக் கேட்டல். உடை, படம், கடிதம் முதலியவற்றைக் கழுவாமல், அழிக்காமல் காத்தல்.

இரண்டாவது, காவல் நிலையத்தில் முறையீடு செய்தல். எந்நிலைய எல்லையில் நிகழ்ந்ததாயினும் எந்நிலையத்திலும் தகவல் தரலாம் என 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு கூறுகிறது. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபின்னரே கையெழுத்திடுக. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுக. வன்கொடுமை வழக்கிற்குப் பூர்வாங்க விசாரணை வேண்டியதில்லை என 2018-இல் சேர்க்கப்பட்ட 18அ பிரிவு விதிக்கிறது. 2020-இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது.

மூன்றாவது, பதிய மறுத்தால், அத்தகவலை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்க்குப் பதிவஞ்சலில் அனுப்புக. அதன் பின்னும் பயனில்லையேல் குற்றவியல் நடுவரிடம் விண்ணப்பிக்க. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பட்டியல் வகுப்பினரல்லாத அரசூழியர்க்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு என வன்கொடுமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு கூறுவதையும் விண்ணப்பத்தில் நினைவூட்டுக. விசாரணை நடத்துபவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராதல் வேண்டும்.

நான்காவது, கைதாகும்போது உள்ள உரிமைகளை அறிதல். கைதுக்குரிய காரணத்தை அறிவித்தல் வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்துள், பயண நேரம் நீங்கலாக, நடுவர்முன் நிறுத்துதல் வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ செய்தி சொல்லவேண்டும். 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றை விரிவாக வகுத்தது. அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றிய மணிமேகலையை வழிகாட்டியாகக் கொண்ட தமிழ்ப் பௌத்தர்க்கு, காவலில் உள்ளவனும் மனிதனே என்பது புதுச் செய்தியன்று.

ஐந்தாவது, துணை தேடுதல். பட்டியல் வகுப்பினர்க்கும் மகளிர்க்கும், வருமானம் எவ்வளவாயினும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. அதற்குரிய தொலைபேசி எண் 15100. வன்கொடுமைக்கெனத் தேசிய உதவி எண் 14566. தேசிய மனித உரிமை ஆணையத்துக்குக் கட்டணமின்றி எழுதலாம். ஆயின் நிகழ்ந்து ஓராண்டுக்குள் எழுதவேண்டும். அவ்வாணையம் பரிந்துரைக்கும் அதிகாரமே உடையது. ஆதலின் அதற்கு எழுதியதோடு நீதிமன்ற வழியைக் கைவிடலாகாது. பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆணையம், அரசியலமைப்பின் 338-ஆம் விதியால் ஏற்பட்டது, அதற்கும் முறையிடலாம்.

8. நாம் காக்கவேண்டிய நெறி

முறையீட்டில் ஒரு சொல்லும் மிகையாக எழுதலாகாது. அடியாதவனை அடித்தான் என்றும், அங்கில்லாதவனை இருந்தான் என்றும் எழுதுதல் நான்காம் சீலத்தை முறிப்பதாகும். அது குறுக்கு விசாரணையில் உண்மையான பகுதியையும் சேர்த்து அழித்துவிடும். நம் வழக்கின் முதல் அரண் வாய்மையே.

அன்றியும், உரிமையைக் கேட்பவர் தம் இல்லத்தில் மனைவிக்கும் மகளுக்கும் அதனை மறுத்தல் தகாது. நம்மினும் எளியவராகக் கருதப்படுவோரிடத்தில் நாம் வேற்றுமை காட்டுவோமாயின், வாசெட்ட சுத்தம் நமக்கெதிரே சாட்சி சொல்லும்.

ஒவ்வொரு விகாரையிலும் சங்கத்திலும் மாதம் ஒருமுறை, உபோசத நாளில், இச்சட்டங்களைப் படித்துப் பொருள் கூறும் வகுப்பு நடத்துவது நன்று. எழுத வல்லார் இருவர் முறையீடு எழுதப் பழகுக. சான்றிதழ்களைச் சரிபார்க்க ஒருவர் பொறுப்பேற்க. சாட்சி சொல்லச் செல்பவரோடு துணையாக ஐவர் செல்லுக. தனியே நின்றவரைத் தாக்கத் துணிவோர் பலர். கூடி நிற்பவரிடத்து அத்துணிவு எளிதில் எழாது. சங்கத்தைச் சரணமாக அடைந்தோம் என நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு பொருள்.

பயிற்சி வினாக்கள்

1. ஐந்து சீலங்கள் ஒவ்வொன்றாலும் அயலார் பெறும் உரிமை யாது?
2. குற்றத்துக்கும் மனித உரிமை மீறலுக்கும் உள்ள வேறுபாட்டை உம் ஊர் உதாரணத்தால் விளக்குக.
3. 1924-இல் திறக்கப்பட்ட மகாடு குளத்துக்கு 1927-இல் ஏன் நடக்கவேண்டியதாயிற்று?
4. 1990-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பௌத்தர் பெற்றது யாது? உம் குடும்பச் சான்றிதழ்களில் மதமும் சாதியும் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன எனப் பார்த்து வருக.
5. முதல் தகவல் அறிக்கை பதிய மறுக்கப்பட்டால் செய்யத்தக்கன யாவை?

எல்லா உயிர்களும் அச்சமின்றி வாழ்க!